எட்டு வாரக் கதை வகுப்புக்கு ஆறாயிரம் ரூபாய்: கட்டலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி (சனி, இரவு 9:50)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எதுவும் எழுதியதில்லை. இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையில் ஓர் அக்ஷயா மையத்தில் (அரசு இ-சேவை மையம்) வேலை செய்கிறேன். பகல் முழுக்க ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, வருமானச் சான்று. இரவில் கதை எழுதுகிறேன். பதினொரு கதை கையில் இருக்கிறது. எட்டை இதழ்களுக்கு அனுப்பினேன். ஆறுக்குப் பதிலே இல்லை. ஒன்று பத்து மாதமாகப் 'பரிசீலனையில்' இருக்கிறது. ஒன்று இணைய இதழில் வந்தது. வந்ததை வாசித்தவர்கள் என் தம்பியும் அவனுடைய கூட்டாளி ஒருவனும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஆன்லைனில் சிறுகதை வகுப்பு நடத்துகிறார். எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஆறாயிரம் ரூபாய். என் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. போன வாரம் இலவச மாதிரி வகுப்பு ஒன்று வைத்தார்கள், உட்கார்ந்து பார்த்தேன். அவரவர் கதையின் முதல் வரியை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்: "அப்பா செத்துக்குப் போகும்போது இருட்டு விலகியிருக்காது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா தவறி எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார். அப்பா அப்போது வாசலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

(தமிழ்நாட்டுக்காரர்களுக்கு: எங்கள் பக்கம் செத்து என்றால் கள்ளு இறக்கும் தொழில். பாளையைச் சீவுவதுதான் செத்துவது. அப்பா முப்பது வருடம் செத்துக்காரராக இருந்தவர்.)

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்படிப்பட்டவரிடம் பணம் கட்டிப் படிக்கலாமா? முதலில், கதை எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

செக்போஸ்ட் சாயா (சனி, இரவு 10:04)

கட்டாதீங்க தங்கச்சி. ஆறாயிரத்துக்கு இருபது புத்தகம் வரும். நான் கள்ளு வண்டி ஓட்டுகிறவன். பெர்மிட் காகிதத்தைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை, ஆனால் வாசிப்பேன். வகுப்புக்குப் போய்க் கதை கற்றேன் என்று சொன்ன ஓர் எழுத்தாளரையும் நான் வாசித்ததில்லை.

"அப்பா தவறி எத்தனை வருஷம்" என்பதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். மன்னிக்கவும்.

சாலைத்தெரு (சனி, இரவு 10:31)

செக்போஸ்ட் அண்ணன் சொல்வதுதான் என் கட்சியும். திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். ஆ. மாதவன் இதே சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து எழுதினார். 2015-ல் சாகித்திய அகாதமி விருது வந்தது. நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளர், அவருக்கு 2007-ல். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் வியாபாரி, அவருக்கு 1997-ல். மூன்று பேரும் மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருந்த இடத்திலிருந்து தமிழில் எழுதியவர்கள். இவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தது?

எழுதத் தெரிந்தவன் எழுதுவான். மற்றவனிடம் பணம் வாங்குவது பாவம்.

குமுளிமேடு (சனி, இரவு 11:12)

எனக்கு அனுபவம் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்பு இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். யார், எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள். முதல் வாரம் பிரமாதம். ஒரு கதையை எடுத்து அவர் பிரித்துக் காட்டியபோது, வயலிலிருந்து மோட்டாரைத் தூக்கிவந்து திண்ணையில் கழற்றிப் போட்டதுபோல இருந்தது. இது இங்கே இருப்பதால் அது அங்கே சுற்றுகிறது என்று புரிந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து 'சொல்லாதே, காட்டு', அதாவது உணர்ச்சியைப் பேர் சொல்லாமல் காட்சியாக எழுது என்பது. மூன்றாம் வாரமும் 'சொல்லாதே, காட்டு'. நான்காம் வாரம் எல்லாருடைய கதையிலும் ஒருத்தி ஜன்னல் ஓரமாக நின்று காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வாரம் எழுத்தில் மதிப்பீடு வந்தது. எனக்கு வந்ததை இன்னொரு அக்காவுக்கு அனுப்பினேன். அவர் தனக்கு வந்ததை எனக்கு அனுப்பினார். "கதாபாத்திரத்தின் அகவுலகம் இன்னும் ஆழப்பட வேண்டும்" என்ற வரி இரண்டிலும் அப்படியே இருந்தது. மூன்றாவது ஆளைக் கேட்டோம், அவருக்கும் அதே அகவுலகம். கடைசியில் சான்றிதழ் ஒன்று. அப்புறம் தொகுப்பு நூல் போடுகிறோம், உங்கள் கதை வரும், ஆளுக்குப் பத்துப் பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். வாங்கினேன். ஏழு பிரதி இன்னும் பீரோ மேலே இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது பொய்யாகிவிடும். அந்த எட்டு வாரத்தில் ஐந்து கதை எழுதி முடித்தேன். அதற்கு முந்தின நாலு வருடத்தில் முடித்தது இரண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் மறுநாள் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்பார். அந்தக் கூச்சம்தான் எழுத வைத்தது. அந்த அக்காவும் நானும் இன்றைக்கும் கதையை மாற்றி மாற்றி வாசிக்கிறோம்.

கட்டின பணம் அந்த அக்காவுக்கு என்றால் சரி. அகவுலகத்துக்கு என்றால் நஷ்டம்.

ஓய்வுபெற்ற மாஷ் (ஞாயிறு, காலை 6:20)

சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்களில் முப்பத்தொரு வருடம் தமிழ் ஆசிரியராக இருந்தேன். அம்மிணி எழுதியதை நேற்றே வாசித்துவிட்டேன். உடனே பதில் எழுத மனசு வரவில்லை, காரணம் சொல்கிறேன்.

கட்டுரை நோட்டில் 'வெள்ளம் குடித்தேன்' என்று எந்தப் பிள்ளை எழுதினாலும் சிவப்பு மையால் அடித்து 'தண்ணீர்' என்று எழுதியவன் நான். வெள்ளம் என்றால் ஆற்றில் வருவதடா, டம்ளரில் வராது என்று கேலியும் செய்வேன், வகுப்பு சிரிக்கும். 'பறம்பு' என்று எழுதினால் 'தோட்டம்'. 'சாயா' என்றால் 'தேநீர்'. இந்தத் தாலுகாவில் எந்த வீட்டில் தேநீர் குடித்தார்கள்? பரீட்சைக்கு அது வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை நோட்டிலும் அதே பேனாவைத்தான் வைத்திருந்தேன்.

கேரளப் பள்ளிகளின் கலை இலக்கிய மன்றமான வித்யாரங்கம் கலா சாகித்ய வேதியின் சில்பசாலைகளுக்கு, அதாவது பட்டறைகளுக்கு, பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். மலையாள எழுத்தாளர் ஒருவர் வந்து ஒரு கதையைச் சொல்லி, அதன் முடிவைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னார். எங்கள் நாலு பிள்ளைகள் மலையாளத்தில் கேட்டுத் தமிழில் எழுதினார்கள். அதில் ஒரு பெண் எழுதிய முடிவு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று அவள் நோட்டில் சிவப்பு மை இல்லை. ஏனென்றால் பேனாவைப் பள்ளிக்கூடத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

நகரிப் பக்கம் (ஞாயிறு, காலை 9:15)

மாஷ், ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். நீங்கள் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். நான் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம், நகரி. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். உங்களுக்கு மலையாளம், எங்களுக்குத் தெலுங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். என் அம்மா குழம்பை ருசி பார்த்துவிட்டு "உப்பு தக்குவ" என்பார், உப்பு குறைவு என்று அர்த்தம். அதை அப்படியே கதையில் எழுதினேன். சென்னை நண்பர் வாசித்துவிட்டு அச்சுப்பிழை என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

சாலைத்தெரு சொன்னதில் ஒரு ஓட்டை. வகுப்புக்குப் போகவில்லை என்பதற்காக யாரும் யாரிடமும் கற்கவில்லை என்று ஆகாது. நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி வீட்டுக்குப் போய்ப் பேசிப் பேசியே எழுத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர் நடத்திய 'காகங்கள்' என்ற இலக்கியக் கூட்டம் வேறு. 1975-ல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் (தமுஎச), அதற்கு முன்பே இருந்த கலை இலக்கியப் பெருமன்றம், சிற்றிதழ்க்காரர்களின் திண்ணைகள் எல்லாம் என்ன? கட்டணம் இல்லாத வகுப்புதானே. நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போக முடிந்தவனுக்கு அது கிடைத்தது. நகரியில் தறி ஓட்டுகிறவனுக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வெளியே போனால் நாலு கேள்வி கேட்கப்படும் பெண்ணுக்கும் எந்தத் திண்ணை?

செக்போஸ்ட் சாயா (ஞாயிறு, காலை 9:40)

அது நியாயம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சாலைத்தெரு (ஞாயிறு, காலை 10:20)

திண்ணை வேறு, கட்டணம் வேறு. திண்ணையில் "இது கதை இல்லைடா, போய் வேலையைப் பார்" என்று சொல்ல முடியும். ஆறாயிரம் கட்டினவரிடம் யார் சொல்வார்? வாடிக்கையாளர் அல்லவா. எல்லாருக்கும் "அகவுலகம்" என்று எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

இன்னொன்று. எழுத்தாளர் அசோகமித்திரன் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார் என்று வகுப்பு விளம்பரத்தில் ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்தேன். 1973-ல் போனார், சரி. ஆனால் அவர் போனது சர்வதேச எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் திட்டத்துக்கு. அங்கே யாரும் அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. போகும்போதே அவர் பெரிய எழுத்தாளர். இப்படிக் கலந்தடிப்பது எரிச்சலாக இருக்கிறது.

நகரிப் பக்கம் (ஞாயிறு, காலை 10:48)

அது கலந்தடிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திட்டம் 1967-ல் வந்தது. வகுப்பு நடக்கும் பட்டறை அதே பல்கலைக்கழகத்தில் 1936-லிருந்தே இருக்கிறது, அது தனி. அந்தப் பட்டறை முறை என்னவென்று தெரிந்தால் நம் ஊர் வகுப்புகள் எதை விட்டுவிட்டன என்று தெரியும். ஒருவருடைய கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் வாசித்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பேச்சு நடக்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்றால்" என்று ஆரம்பிக்கவே கூடாது, கடைசியில்தான் பேசலாம். கதை அச்சில் வந்தபிறகு நாம் வாசகன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது அல்லவா, அந்தப் பழக்கம்தான்.

அதற்கும் அங்கேயே நிறையத் திட்டு உண்டு. பத்துப் பேருக்கும் பிடிக்கிற மாதிரி எழுதி எழுதி எல்லாக் கதையும் ஒரே சாயலில் ஆகிவிடுகிறது என்பார்கள். நம் ஊரில் அந்தக் காப்பி ஆறுகிற ஜன்னல்தான்.

குமுளிமேடு (ஞாயிறு, காலை 11:05)

வாயைத் திறக்காமல் இருப்பதா! எங்கள் வகுப்பில் எழுதியவர் விளக்குவதற்கே முக்கால் மணி நேரம் போகும். கதை நாலு பக்கம், விளக்கம் எட்டுப் பக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி (ஞாயிறு, மதியம் 1:30)

மாஷே, நீங்கள் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை, ஆனால் அந்தச் சிவப்பு மையை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியிலும் அது இருந்தது. பரவாயில்லை.

திரூரில் மலையாள சர்வகலாசாலை 2012-ல் வந்தது. அங்கே சாகித்ய ரசனா, அதாவது இலக்கியம் படைப்பது, என்று எம்.ஏ. படிப்பே இருக்கிறது. என்னோடு மையத்தில் வேலை செய்கிற பெண்ணின் தங்கை அதற்கு விண்ணப்பித்தபோது நான்தான் படிவம் நிரப்பினேன். எழுதுவது ஒரு படிப்பு என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் கேலி இல்லை. எங்கள் வீட்டில் நான் வகுப்பு என்று சொன்னதும் அம்மா, "சர்க்கார் வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்கா?" என்று கேட்டாள். இல்லை, கதைக்கு என்றேன். "கதைக்குமா வகுப்பு" என்று உள்ளே போய்விட்டாள்.

பட்டறைக்காரன் (ஞாயிறு, மாலை 4:10)

நான் பொள்ளாச்சிப் பக்கம். வகுப்பு நடத்துகிறவன், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பேரில் ஒருவனும் இல்லை. அடி விழும் என்று தெரிந்தே வருகிறேன்.

என்னால் ஒருவருக்கு விஷயம் கொடுக்க முடியாது. காது கொடுக்க முடியாது. அந்தப் பெண்மணி செத்து என்று எழுதுகிறாரே, அந்தச் சொல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை நான் எந்த வகுப்பிலும் தந்திருக்க முடியாது. நான் செய்வது சில்லறை வேலை. முதல் வரைவுகளில் பெரும்பாலும் கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும், முதல் இரண்டு பக்கத்தில் எழுதியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பார். அதைக் காட்டுவேன். இரண்டு பேர் பேசும்போது ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மற்றவர் வாசகனுக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார், அதை அடிப்பேன். ஒரு வரியை எழுதிவிட்டு அதே வரிக்கு அடுத்த வரியில் பொழிப்புரை எழுதுவது எல்லாரிடமும் உள்ள வியாதி, என்னிடமும்.

'சொல்லாதே, காட்டு' என்பதை மந்திரம் மாதிரி ஓதுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என் பாட்டி சொல்லித்தான் கதை சொன்னாள். "அவ ஒரு கெட்டவ" என்று தொடங்குவாள், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள்.

ஆறாயிரம் அதிகமா என்று கேட்டால், ஒருவருடைய கதையை வரிவரியாகப் பென்சிலோடு வாசிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வகுப்பில் பத்துப் பேர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வாசிக்காமல் பேசிவிட்டுப் போகிறவருக்கு ஆறாயிரம் கொள்ளை. சேருவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதற்கு முன் படித்த யாருடைய கதையிலாவது நீங்கள் குறித்துக் கொடுத்த பக்கத்தைக் காட்டுவீர்களா?" காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தொகுப்பு நூல், பத்துப் பிரதி என்ற பேச்சு வந்தால் எழுந்து ஓடிவிடுங்கள்.

செக்போஸ்ட் சாயா (ஞாயிறு, மாலை 4:25)

மரம் ஏறுவதுகூடத் தானாக வந்துவிடும், பாளை சீவுவதற்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று செத்துக்காரர்கள் சொல்வார்கள். ஆழமாகச் சீவினால் பாளை கெட்டுவிடும்.

சாலைத்தெரு (ஞாயிறு, மாலை 4:33)

உவமை நன்றாக இருக்கிறது. அண்ணன் நேற்று "கட்டாதீங்க" கட்சியில் இருந்ததாக ஞாபகம்.

செக்போஸ்ட் சாயா (ஞாயிறு, மாலை 4:35)

இன்னும் அதே கட்சிதான். பணத்தில் மட்டும்.

நகரிப் பக்கம் (ஞாயிறு, மாலை 5:02)

பட்டறைக்காரரே, பேச்சு எதற்கு? கொழிஞ்சாம்பாறைக்காரி ஒரு பத்தியைப் போடட்டும், நீங்கள் பென்சிலை எடுங்கள். அவர் வாயைத் திறக்கக் கூடாது. பார்த்துவிடலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி (ஞாயிறு, இரவு 8:44)

கை நடுங்குகிறது. மாதிரி வகுப்பில் வாசித்த கதையின் முதல் பத்தி இது.

"அப்பா செத்துக்குப் போகும்போது இருட்டு விலகியிருக்காது. இடுப்பில் கத்தி, தோளில் குடுக்கை. அவர் எங்களுக்காக மிகவும் கஷ்டப்பட்டார். மரத்தின் உச்சியில் எலும்பால் பாளையைத் தட்டும் சத்தம் டக் டக் என்று கேட்கும். அதைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த பாதுகாப்பு உணர்வு ஏற்படும். எத்தனையாவது மரத்தில் இருக்கிறார் என்று படுத்தபடியே எண்ணிவிடுவேன். ஏழாவது மரத்துச் சத்தம் நின்றதும் அம்மா எழுந்து வெள்ளம் கொதிக்க வைப்பாள்."

பட்டறைக்காரன் (ஞாயிறு, இரவு 9:30)

முதலில் செத்து. சொல்லை மாற்றாதீர்கள், அடைப்புக்குறிக்குள் விளக்கமும் வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். "இடுப்பில் கத்தியும் தோளில் குடுக்கையுமாக அப்பா செத்துக்குப் போகும்போது இருட்டு விலகியிருக்காது." கத்தியையும் குடுக்கையையும் முன்னாலேயே பார்த்துவிட்ட பிறகு யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். தொழில் என்று புரிந்துவிடும், என்ன தொழில் என்று பாளை சொல்லிவிடும்.

"மிகவும் கஷ்டப்பட்டார்" வேண்டாம். இருட்டில் மரம் ஏறுகிறவரைப் பற்றி அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"பாதுகாப்பு உணர்வு ஏற்படும்" நிச்சயமாக வேண்டாம். அது அரசாங்கக் கடிதத் தமிழ். பகலெல்லாம் படிவம் நிரப்புகிறீர்கள், அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த வரியில் படுத்தபடியே மரத்தை எண்ணுகிறாளே, அந்தப் பிள்ளைக்குப் பயம் இல்லை என்பது அதிலேயே இருக்கிறது. "டக் டக் என்று" இருந்தாலும் சரி, போனாலும் சரி. நான் எடுத்துவிடுவேன்.

"வெள்ளம் கொதிக்க வைப்பாள்". இதில் கை வைக்க மாட்டேன். கொதிக்கிறது என்றால் ஆறு இல்லை என்று சென்னைக்காரருக்கும் தெரியும்.

எலும்பு என்ன எலும்பு? எங்கிருந்து வந்தது? பின்னால் வருமா? வராது என்றால் இப்போதே ஒரு சொல் கூடப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மாஷ் (ஞாயிறு, இரவு 9:52)

நானாக இருந்தால் வெள்ளத்தை மட்டும் அடித்துவிட்டு, அந்த அரசாங்கத் தமிழ் இரண்டுக்கும் 'நன்று' போட்டிருப்பேன்.

சாலைத்தெரு (ஞாயிறு, இரவு 10:01)

பட்டறைக்காரர் செய்தது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், இலவசமாகவே நடந்துவிட்டது.

குமுளிமேடு (ஞாயிறு, இரவு 10:06)

ஒரு பத்தி நடந்தது சாலை அண்ணா. பதினொரு கதை இருக்கிறது. அவர் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு வந்து உட்காருவாரா? நாளைக்கே இந்த இழை கீழே போய்விடும், வேறு யாரோ வேறு எதையோ கேட்பார்கள்.

செக்போஸ்ட் சாயா (ஞாயிறு, இரவு 10:40)

எனக்கு இலக்கணம் தெரியாது. வாசகனாக ஒன்று கேட்கலாமா தங்கச்சி?

ஏழாவது மரத்தில் சத்தம் நின்றால் அம்மா வெள்ளம் வைப்பாள். அது தினமும். மூன்றாவது மரத்தில் நின்றால்?

நான் பதினாறு வருடமாகச் செத்துக்காரர்களிடம் கேன் ஏற்றுகிறேன். சத்தம் நடுவில் நின்றால் கீழே நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலை தூக்குவார்கள். அதனால் கேட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி (திங்கள், அதிகாலை 1:15)

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி. ஆனால் இதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது மரத்தில் ஒருநாள் நின்றது அண்ணா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் நாலு வருவதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா அதற்குள் எழுந்து ஓடிவிட்டாள், அவளும் எண்ணிக்கொண்டுதான் படுத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். இடது கால் மடங்காது. அதற்கப்புறமும் அவர் கொஞ்ச வருடம் ஏறினார், அது வேறு கதை.

இதை நான் எழுதவே இல்லை. கதை ஒன்பது பக்கம் இருக்கிறது, அதில் அப்பா கஷ்டப்படுகிறார், அம்மா கஷ்டப்படுகிறாள், நான் படித்து வேலைக்குப் போகிறேன். மூன்றாவது மரம் இல்லை.

எலும்பு மானெலும்பு. அப்பாவின் அப்பாவுடையது. இப்போது டிவி பெட்டிக்குமேல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மாஷ் (திங்கள், காலை 6:05)

அம்மிணி, எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி (இரண்டு வாரம் கழித்து, செவ்வாய், இரவு 9:20)

என்ன ஆயிற்று என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதற்காக வந்தேன்.

கோயம்புத்தூர் ஆசிரியருக்குப் போன் செய்தேன். முதலில் பட்டறைக்காரர் சொன்னபடி, குறித்துக் கொடுத்த பக்கம் ஏதாவது காட்ட முடியுமா என்று கேட்டேன். வகுப்பில் எல்லாம் வாய்மொழியாகத்தான் என்றார். இரண்டாவதாக, எங்கள் ஊர்ச் சொல் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கோபப்படவில்லை, நல்ல மனிதர்தான். "தாராளமா எழுதுங்க, கீழே அடிக்குறிப்பு போட்டுடுங்க" என்றார். மாதிரி வகுப்பில் நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். "எனக்கு அடிக்குறிப்பா" என்று சிரித்தார்.

பணம் கட்டவில்லை. ஆனால் வகுப்பே வேண்டாம் என்று கட்டாமல் விடவில்லை. பட்டறைக்காரர் ஜூன் மாதம் நேரில் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார், பொள்ளாச்சி எனக்கு பஸ் தூரம்தான். அதற்குச் சேர்த்துவைக்கிறேன். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது என்பதால் குமுளி அக்காவின் வெள்ளிக்கிழமை விதியை இங்கேயே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் ஊர் வாயனசாலையில் ஞாயிறு மூன்று மணிக்கு அறை தருகிறேன் என்று லைப்ரேரியன் சேட்டன் சொல்லிவிட்டார். தமிழ்ப் புத்தகம் இரண்டு அலமாரி இருக்கிறது, அதன் பக்கத்திலேயே உட்காரலாம். மாஷ் வருகிறார். சிவப்புப் பேனா கொண்டுவர மாட்டேன் என்று எழுதித் தந்திருக்கிறார். கல்லூரியில் தமிழ் படிக்கிற இரண்டு பையன்கள் வருகிறார்கள். நகரி அண்ணனும் குமுளி அக்காவும் வீடியோவில்.

வருகிறவர்கள் கதையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும். அச்செடுப்பது என் பொறுப்பு, மையத்தில் சேச்சி ஒரு பக்கம் ஒரு ரூபாய்க்குச் சம்மதித்திருக்கிறார். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

செக்போஸ்ட் சாயா (செவ்வாய், இரவு 9:34)

ஞாயிறு மதியம் எனக்கு லோடு இல்லை. எழுதாதவன் வரலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி (செவ்வாய், இரவு 9:36)

நீங்கள் வந்தே ஆக வேண்டும் அண்ணா. முதல் வாரம் மூன்றாவது மரம்தான்.